மூன்றாவது வரிசையில் நின்ற கார்

அத்தியாயம் 14

நல்லசாமியின் முகம் உப்பிப்போன அந்த வியாழக்கிழமைக் காலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர் மனைவி கங்காவும் மறக்கவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் கோலசிலாங்கூர் டவுனுக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு படுத்து எழுந்தால்தான் அவருக்கு மூச்சு. புதன்கிழமை, அவரை ஏற்றிப்போகும் பக்கத்து வீட்டுக் கணேஸ்வரனின் பள்ளி வேன் பழுதாகிப் படுத்துக்கொண்டது. தோட்டத்திலிருந்து டவுனுக்கு வேறு வழியில்லை. வீட்டிலிருந்த பழைய கார் அதற்கும் முன்பே அசாம் ஜாவா முச்சந்தியில் உயிரை விட்டிருந்தது. ஒரே ஒரு தவணை தப்பியதற்கு, மனுஷன் சுவரில் சாய்ந்தபடி கரையில் விழுந்த மீனாய் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

அன்றைக்கே கங்கா முடிவு கட்டிவிட்டாள். எப்படியாவது ஒரு கார்.

மகள் கண்மணியிடம் ஒரு கார் இருக்கிறது. கல்யாணத்தில் இவர்கள் சீராகக் கொடுத்ததுதான். கொஞ்ச நாளைக்குக் கேட்கலாம் என்றால், அது ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுச் சமாச்சாரம், அதற்கு மேல் துருவக் கூடாது.

அப்போதுதான் மகன் சசிகுமார் லேலோங் என்கிற ஏலத்தைப் பற்றிச் சொன்னான். செரண்டாவில் தொழிற்சாலை வேலை அவனுக்கு. அதே பழைய சாலையில் ஓர் ஏலக் கிடங்கு இருக்கிறதாம். தவணை கட்டாதவர்களின் காரை பேங்க் இழுத்துக்கொண்டு வந்து அங்கே நிறுத்தி, சனிக்கிழமைகளில் ஏலம் விடுமாம். கடையில் வாங்குவதைவிட மலிவு.

கங்காவுக்கு அது பிடிக்கவில்லை.

“அடுத்தவன் வயித்தெரிச்சல் ஏறின காடி நமக்கு எதுக்குடா? எந்த வீட்டுப் பொண்ணு அழுதுச்சோ.”

“எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில வச்சு நசுக்கினா எல்லாம் போயிரும் லா மா. அப்பாவை நினைச்சுப் பாருங்க.”

அப்பாவை நினைத்துப் பார்த்தாள். தலையாட்டினாள்.

சனிக்கிழமை பள்ளி இல்லை. சரிசெய்த வேனைக் கணேஸ்வரன் மறுபேச்சில்லாமல் கொடுத்தான். சசி ஓட்ட, நல்லசாமி முன்னால் உட்கார, கங்கா பிள்ளைகளின் சிப்ஸ் பொட்டலங்கள் கிடந்த பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். நல்லசாமியை வீட்டில் விட்டு வரத்தான் நினைத்தாள். அவர் கேட்டால்தானே? காலமெல்லாம் தோட்டத்து லோரியை ஓட்டியவர் தன் வீட்டுக்குக் கார் எடுக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பாராம். நல்ல கதை.

வழியில் பத்தாங் காலி பற்றிய பேச்சு வந்தது. கண்மணியைக் கட்டிக்கொடுத்த ஊர். செரண்டாவிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரம்தான். அவ்வளவு தூரம் போய் மகளைப் பார்க்காமல் திரும்புவதா என்று நல்லசாமி கேட்டார். கங்கா முந்தின நாள் சாயங்காலமே போனில் கேட்டிருந்தாள். செரண்டாவுக்கு ஒரு வேலையாக வருகிறோம், அப்படியே வந்து தலையைக் காட்டட்டுமா என்றாள். மாப்பிள்ளை தீபனுக்கு வேலை, தானும் சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன், இன்னொரு நாள் வாருங்கள் என்று கண்மணி அவசர அவசரமாகச் சொல்லிவிட்டாள். குரல் மட்டும் ஏதோ ஒரு மாதிரி இருந்தது. சளி என்றாள்.

“சரி, புதுக் காடி எடுத்தாச்சுன்னா அதுலயே போயி இறங்குவோம். அப்பத்தான் மரியாதை,” என்றார் நல்லசாமி.

ஏலக் கிடங்கு தகர வேலி போட்ட பெரிய திடல். உள்ளே வரிசை வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் ஒரு தாள். சுற்றிப் பார்க்கலாம், கதவைத் திறந்து உட்காரலாம், கிடங்குக்காரன் சாவியைப் போட்டு இன்ஜினை முடுக்கியும் காட்டுவான். ஓர் அடி நகர்த்தக் கூடாது. எடுத்த பிறகு அது நொண்டியோ முடமோ, எடுத்தவன் பாடு. முன்பணம் கட்டினால் ஓர் அட்டை கொடுப்பார்கள். ஓர் அட்டைக்கு ஒரு கார். எடுத்த கார் மீதிப் பணம் கட்டிய பிறகுதான் கைக்கு வரும்.

நல்லசாமிக்குச் சர்க்கரையால் கண் மங்கல், காலிலும் வலுவில்லை. வாசல் நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து அவரை உட்கார வைத்தாள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து சொல்லும்படி நூறு உத்தரவு போட்டு அனுப்பினார்.

சசி ஏற்கெனவே படத்தில் பார்த்து வைத்திருந்தது ஒரு சாம்பல் நிறச் சாகா கார். நேரிலும் மோசமில்லை. பின் சீட்டில் ஆள் காலை நீட்டிச் சாயலாம். இயந்திரத்திலிருந்து எழுந்து வருகிறவருக்கு அதுதான் முக்கியம். கங்கா கதவைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள், திருப்தியாக இருந்தது. சசி அட்டை வாங்கப் போனான். சும்மா நிற்பானேன் என்று, சந்தையில் கத்தரிக்காய் பார்க்கிறவளைப் போல அடுத்தடுத்த வரிசைகளில் நடந்தாள்.

மூன்றாவது வரிசையில் நீல நிற மைவி கார் ஒன்று நின்றது.

முதலில் அவள் பார்த்தது காரை அல்ல. சீட்டின் தலைப்பகுதியில் மாட்டியிருந்த உறையை. அரக்குத் துணி, ஓரத்தில் தங்கச் சரிகை. கண்மணியின் பரிசப் புடவையோடு வந்த ரவிக்கைத் துணி அது. ரவிக்கைக்குப் போதாது என்று ஒதுக்கியதைக் கங்காதான் உறையாகத் தைத்துக் கொடுத்தாள். வலது பக்கத்து உறையில் தையல் கோணல். அந்தக் கோணலும் அப்படியே இருந்தது.

குனிந்து நம்பர் பிளேட்டைப் பார்த்தாள். மூன்று, ஒன்று, கோசோங் என்கிற பூஜ்யம், இரண்டு. கூட்டினால் ஆறு. கண்மணிக்கு ஆறுதான் ராசி என்று நல்லசாமி அலைந்து திரிந்து பிடித்த எண். சேமநிதிப் பணத்தில் பாதியை முன்பணமாகக் கொட்டிய கார். மீதித் தவணை மாப்பிள்ளை பொறுப்பு என்று பேச்சு. கல்யாணத்தன்று மல்லிகைச் சரம் சுற்றி, கோயில் வாசலிலிருந்து அவரே ஓட்டி வந்து மாப்பிள்ளை கையில் சாவியைக் கொடுத்தார். தோட்டத்து லோரி ஓட்டிய ஒருத்தன் மகளுக்குக் காடியே கொடுத்துவிட்டான் என்று தோட்டம் முழுக்கப் பேசியது. அந்தப் பேச்சில்தான் மனுஷன் இன்னும் பாதி உயிரை வைத்திருக்கிறார்.

எந்த வீட்டுப் பெண் அழுதாளோ என்று கேட்டாளே, அவள் வீட்டுப் பெண்தான் அழுதிருக்கிறாள்.

ஒர்க்‌ஷாப் என்றாளே பாவி. எத்தனை நாளாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு தினமும் போனில் சிரித்துப் பேசினாள்? கோபமும் வந்தது, அதைத் தள்ளிக்கொண்டு அழுகையும் வந்தது. இரண்டையும் மென்று விழுங்கினாள்.

அட்டையோடு வந்த சசியும் பார்த்துவிட்டான்.

“மா, இது அக்கா காடி.”

“வாயை மூடு. அப்பா வாசல்ல இருக்காரு.”

உடனே அக்காவுக்குப் போன் போடுகிறேன் என்று சசி பையில் கைவிட்டான். கங்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது கேட்டால் அவள் என்ன சொல்வாள்? மாமியார் பக்கத்தில் இருக்கலாம், தீபன் இருக்கலாம். மறைத்ததை அம்மா கண்டுபிடித்துவிட்டாள் என்று தெரிந்தால் மகள் கூனிப்போவாள். மாப்பிள்ளை அதற்கப்புறம் நம் வாசலை மிதிப்பாரா? கண்டதைக் காணாதது போல் இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பதமாக விசாரித்துக்கொள்ளலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனால் மானம் என்று வந்துவிட்டால், நம்மவர்கள் வீட்டில் மறைக்காத பூசணிக்காய் ஏது?

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. ஏலம் விடுகிறவன் ஒவ்வொரு காரின் எண்ணையும் மைக்கில் சத்தமாகப் படிப்பானாம். நீல மைவி முதலில் வரும், சாகா பின்னால் வரும். நல்லசாமிக்குக் கண்தான் மங்கல், காது அல்ல. அந்த எண்ணைக் கேட்டால் நாற்காலியிலேயே சரிந்துவிடுவார்.

“நான் அவரைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ சாகாவை எடு. வேற எதையும் நீ பார்க்கல, தெரியுதா?”

சசி தலையாட்டினான். அவன் கண் மட்டும் அந்த உறையை விட்டு நகரவில்லை. கங்கா அதைக் கவனித்திருக்க வேண்டும். அவளுக்கு அப்போது வாசல்தான் ஞாபகம்.

சாலைக்கு எதிர்ப்புறம், மரத்தடியில், சசி வழக்கமாகச் சாப்பிடும் சன்னாசியின் ஒட்டுக்கடை. அங்கே வரச்சொன்னதும் நல்லசாமி ஆச்சரியப்பட்டார். தண்ணீரை அளந்து கொடுக்கிறவள் அவள். உடம்பில் நீர் சேரக் கூடாது என்று மருத்துவமனையில் சொன்ன நாளிலிருந்து, தாகத்துக்கு ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டு ஊறவைக்கச் சொல்லும் ஆள். ஒரு வாய் கூடுதலாகக் குடித்தால் குடும்பத்தையே திட்டுவாள். அவளே இன்று, ஏலம் தொடங்கும் நேரத்தில், வாங்க தேத்தண்ணி குடிக்கலாம் என்கிறாள்.

“என்னா புள்ள, இன்னிக்கு மழை வரப்போவுது,” என்றார்.

நுரை பொங்க ஆற்றிய தே தாரே ஒரு கிளாஸ் வந்தது. நுரையை நாக்கால் தொட்டு, கண்ணை மூடி, ஒவ்வொரு சொட்டாக ரசித்துக் குடித்தார். அதைப் பார்க்கக் கங்காவால் முடியவில்லை. கட்டிய புருஷனுக்குத் தன் கையாலேயே ஆகாததைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கொடுக்காவிட்டால் அதைவிட ஆகாதது அவர் காதில் விழும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மாவா சொன்னார்கள்.

காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் மைக் சத்தம் விட்டுவிட்டு வந்தது. நல்லசாமி தலையைச் சாய்த்துக் கேட்டார். கங்கா உடனே எதையாவது பேசினாள். புதுக் காரை எங்கே நிறுத்துவது, கொட்டகை போடக் கணேஸ்வரனிடம் தகரம் கேட்கலாமா என்றாள். அவரும் உற்சாகமாகிவிட்டார். முதல் பயணம் பத்தாங் காலிக்குத்தான், கண்மணி வீட்டு வாசலில் அவள் காடிக்குப் பக்கத்திலேயே நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும் என்றார்.

மறுபடியும் காற்று திரும்பியது. இந்த முறை எண்களே கேட்பது போலிருந்தது.

“சன்னாசிண்ணே, இன்னொரு கிளாஸ் போடுங்க,” என்று கங்கா கத்தினாள்.

நல்லசாமி அவளை ஒரு பார்வை பார்த்தார். கிடைத்ததை விடுவானேன் என்று கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

நெடுநேரம் கழித்துச் சசி சாலையைக் கடந்து வந்தான். கையில் ரசீது. முகத்தில் ரத்தம் இல்லை. கை கழுவுமிடத்துக்கு வரும்படி அம்மாவுக்குக் கண்ணைக் காட்டினான்.

“எடுத்திட்டியா?”

“எடுத்திட்டேன் மா. சாகாவை இல்ல.”

கங்காவுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது.

அவன் அவளைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தபடி சொன்னான். அக்காவின் எண்ணைப் படித்ததும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கார் வியாபாரிகள் ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம். யார் பெண்டாட்டி சீர்வரிசையோ என்று சிரித்த மாதிரி அவனுக்குத் தோன்றியதாம். நிஜத்தில் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அவனுக்கே தெரியாது. கை தானாக உயர்ந்துவிட்டது. வியாபாரிகள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். பின்னால் ஒரே ஒருத்தன் மட்டும் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தான். இவன் திரும்பியே பார்க்கவில்லை. திரும்பினால் பயம் வந்துவிடும் என்று அட்டையைத் தூக்கியபடியே இருந்தான். சாகாவுக்கு நினைத்த தொகை தாண்டியது. அப்புறமும் தாண்டியது. கடைசியில் பின்னால் இருந்தவன் ஓய்ந்தான், சுத்தியல் விழுந்தது.

“அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். மச்சான் மா. தீபன் மச்சான்.”

கங்கா குழாயைப் பிடித்துக்கொண்டாள்.

மாமனார் வீட்டுக்குத் தெரிவதற்குள் காரை மீட்டுவிட வேண்டும் என்று மாப்பிள்ளை ஊரெல்லாம் கைமாற்று வாங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மாப்பிள்ளைக்குத் தெரியாமல் காப்பாற்றிவிட வேண்டும் என்று இவன் அட்டையைத் தூக்கியிருக்கிறான். ஒரே குடும்பத்துக்காரர்கள் இரண்டு பேர், ஒருத்தர் மானத்தை ஒருத்தர் மறைக்கப் போய், ஒருத்தர் தலையில் ஒருத்தர் விலையை ஏற்றிவிட்டார்கள். யாராவது ஒருத்தர் ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். அந்த ஒரு வார்த்தைதான் யார் வாயிலும் வரவில்லை. தன் வாயிலும்தான் என்று கங்காவுக்கு உறைத்தது.

இனி அந்தக் காரை எப்படி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்துவது? நிறுத்தினால் நல்லசாமி தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். நிறுத்தாவிட்டால், எந்நேரமும் படுத்துக்கொள்ளும் அந்த வேனை நம்பி எத்தனை நாளைக்கு அவரை டவுனுக்கு அனுப்புவது?

“கங்கா, அங்க நிக்கிறது நம்ம மாப்ள மாதிரி இல்ல?” என்றார் நல்லசாமி மேசையிலிருந்து.

ஏலக் கிடங்கின் வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தீபன் நின்றிருந்தான். அந்த மங்கல் கண்ணுக்கு இது மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ. நிற்கிற சாயலை வைத்தே மகளைக் கொடுத்தவன் மருமகனைக் கண்டுகொள்வான் போலிருக்கிறது. நல்லசாமி அதற்குள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ள பலத்தையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டுவிட்டார். மாமனார் எழுந்து நின்று கூப்பிட்ட பிறகு எந்த மாப்பிள்ளை ஓட முடியும்?

தீபன் சாலையைக் கடந்து வந்தான். இளைத்திருந்தான். சட்டைக் கழுத்தில் அழுக்கு.

“உட்காருங்க மாமா.”

“இங்க எங்க மாப்ள நீங்க?”

கூட்டாளி ஒருவன் கார் பார்க்க வந்தான், துணைக்கு வந்தேன் என்று தீபன் சொன்னான். சசி மேசையைப் பார்த்தான்.

“நாங்களும் எடுத்தாச்சு,” என்றார் நல்லசாமி பெருமையாக. “என்னா காடி சசி? சாகாதானே?”

“இல்லப்பா. மைவி.”

“கண்மணி காடி மாதிரியா?”

“ஆமாப்பா. அதே மாதிரி.”

நல்லசாமி சிரித்தார். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரிக் காடி, அமைந்தால் இப்படி அமைய வேண்டும் என்றார். மற்ற மூன்று பேரும் சிரிக்கத்தான் வேண்டியிருந்தது, சிரித்தார்கள். கங்காவுக்கு அழுதிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அதோடு விட்டாரா? மாப்பிள்ளை நம் வீட்டுப் பக்கம் வந்து எத்தனை நாளாயிற்று, இன்று நல்ல காரியம் நடந்திருக்கிறது, கையோடு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். மோட்டார் சைக்கிளைச் சன்னாசி பார்த்துக்கொள்வார். சாயங்காலம் சசி கொண்டுவந்து விடுவான். தீபன் ஏதாவது சாக்குச் சொல்வான் என்று கங்கா நம்பியிருந்தாள். சொல்லட்டும் என்று உள்ளுக்குள் சாமியைக்கூட வேண்டினாள்.

தீபனோ முகமெல்லாம் மலர நிமிர்ந்தான். அப்படி ஒரு வார்த்தைக்காகவே காத்துக் கிடந்தவன் மாதிரி இருந்தது.

“வரேன் மாமா,” என்றான்.

சசி அப்பாவைத் தாங்கி வேனுக்கு நடத்திப்போனான். தீபன் வேண்டுமென்றே பின்தங்கி, கங்காவின் பக்கத்தில் வந்தான். தாழ்ந்த குரலில் பேசினான்.

“அத்தை, சசியைப் பார்த்ததும் உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருச்சுன்னு புரிஞ்சிருச்சு. எப்படியோ அவ சொல்லித்தானே இருப்பா. காடியை இழுத்துட்டுப் போன அன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போறேன்னு பையைத் தூக்கிட்டுப் போனவ. ஒரு மாசமா போனை எடுக்க மாட்றா. காடியோட வந்து கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன். மாமாகிட்ட எப்படி வெறுங்கையோட வந்து நிக்கிறது, அதான் வரல. அவ அங்க உங்ககூட இருக்காங்கிற ஒரு தைரியந்தான் அத்தை எனக்கு.” ஹெல்மெட்டை மறு கைக்கு மாற்றினான். “கண்மணி ஒழுங்கா சாப்புடுறாளா?”

கங்காவுக்குக் காது அடைத்தது. சாலையில் போன லோரியின் சத்தம்கூட எங்கோ தூரத்தில் கேட்டது. ஒரு மாதம். நேற்று சாயங்காலம் போனில் பேசியவள் எங்கே நின்று பேசினாள்? யார் வீட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டு, சளி என்று சொன்னாள்?

வாயைத் திறந்தாள். வேனின் கதவு திறந்திருந்தது, நல்லசாமி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கங்கா, மாப்ளய முன்னாடி உட்கார வை. நான் பின்னால வரேன்.”

மகள் எங்கே என்று மருமகனைக் கேட்க முடியாது. மகள் நம் வீட்டில் இல்லை என்று மருமகனிடம் சொல்லவும் முடியாது. இரண்டில் எதைச் சொன்னாலும் அது முதலில் போய் விழுவது அந்தப் பலவீனமான நெஞ்சில்தான். ஒரு மாமியார் மாப்பிள்ளையிடம் எந்த நேரத்திலும் சொல்லக்கூடிய வார்த்தை ஒன்றுதான் அவளிடம் மிச்சமிருந்தது.

“வாங்க மாப்ள. ஏறுங்க.”

பின் சீட்டில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். இப்போது அழைக்க முடியாது. வேன் தோட்டத்தை நோக்கித் திரும்பியது. முன் சீட்டில் தீபன் கண்ணாடியைத் தன் பக்கம் லேசாகச் சாய்த்து, கலைந்திருந்த தலைமுடியை விரலால் கோதிச் சரிசெய்துகொண்டிருந்தான்.